ஜெர்மனில் பணிவாக எழுதுவது: இலக்கணமும் வேண்டுகோள் வாக்கியங்களும்

நெய்தல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஜெர்மன் மொழியில் ஏ2 நிலை முடித்து அடுத்த நிலையான பி1 படிக்கிறேன். வாடகை வீடு பார்க்க நேரம் கேட்டு வீட்டு உரிமையாளருக்கு இப்படி ஒரு மடல் எழுதி வைத்திருக்கிறேன். படிக்க வசதியாக ஒலிப்படி தமிழில் தருகிறேன்:

"ஹலோ ஹெர் ம்யுல்லர், இஷ் வில் டீ வோனுங் ஸேயன். ஸீ ம்யுஸ்ஸன் மீர் ஐனன் டெர்மீன் கேபன். பிட்டெ ஆன்ட்வோர்டன் ஸீ மீர் ஷ்னெல். இஷ் ரூஃபெ ஈனன் மோர்கன் ஆன். டாங்கெ."

(சொல்ல நினைத்தது: 'ஹலோ திரு. ம்யுல்லர், வீட்டைப் பார்க்க வேண்டும். நீங்கள் எனக்கு ஒரு நேரம் தர வேண்டும். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள். நாளை உங்களுக்கு ஃபோன் செய்கிறேன். நன்றி.')

'ஸீ' (நீங்கள்) போட்டிருக்கிறேன், 'பிட்டெ' (தயவுசெய்து) போட்டிருக்கிறேன், 'டாங்கெ'யும் (நன்றி) இருக்கிறது. ஆனாலும் ஜெர்மன்காரர் ஒருவரிடம் காட்டியபோது "புரிகிறது" என்று மட்டும் சொன்னார். எங்கே உதைக்கிறது? தாய்மொழியாளர்களிடம் எப்படிக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கும் என்பதையும் சொல்லுங்கள்.

---

ஓக்மரம்

முதலில் இந்த இழைக்கு ஓர் ஒப்பந்தம். உம்லாவுட் என்பது உயிரெழுத்தின் மேல் வரும் இரண்டு புள்ளி. ஓ-உம்லாவுட்டை எகர வரிசையில் எழுதுவோம் (கென்டன், மெஷ்டெ). சொல்லும்போது நாக்கு 'எ'யில் இருக்கட்டும், உதடு 'ஒ' போலக் குவியட்டும். ஊ-உம்லாவுட்டை 'யு' என்று எழுதுவோம். அங்கே நாக்கு 'இ', உதடு 'உ'. இடையில் ய் ஒலி கிடையாது. 'ஈ' என்று இழுத்துக்கொண்டே நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் குவித்தால் சரியான ஒலி தானாக வரும்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. ஜெர்மன் பணிவில் பெரும்பகுதி அந்த இரண்டு புள்ளிக்குள் இருக்கிறது. 'கொன்டன் ஸீ' என்றால் 'உங்களால் முடிந்ததா' என்ற இறந்தகாலம். 'கென்டன் ஸீ' என்றால் 'முடியுமா' என்ற பணிவான கேள்வி. 'இஷ் ஹட்டெ' என்றால் 'என்னிடம் இருந்தது'. 'இஷ் ஹெட்டெ கெர்ன்' என்றால் 'எனக்கு வேண்டும்' என்பதன் மென்மையான வடிவம். புள்ளியை விட்டுவிட்டால் வேண்டுகோள் பழங்கதையாகிவிடும்.

இனி மடலுக்கு வருவோம். 'பிட்டெ' என்ற சொல் பணிவைக் கொண்டுவரும் என்று நினைப்பதுதான் அடிப்படைச் சிக்கல். ஏவல் வினையோடு 'பிட்டெ' சேர்ந்தால் பணிவான ஏவல் கிடைக்கும், அவ்வளவுதான். ஏவல் ஏவலாகவே இருக்கும். தமிழிலும் 'தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்' என்று முன்பின் தெரியாதவருக்கு எழுதினால் கொஞ்சம் முறைப்பாகத்தான் இருக்கிறது. 'பதில் போட்டால் நன்றாக இருக்கும்' என்கிறோம். அந்த '-ஆல்' செய்யும் வேலையை ஜெர்மனில் 'கொன்யுங்க்டீஃப் இரண்டு' என்ற வினைவடிவம் செய்கிறது.

அதை உருவாக்கும் வழி: இறந்தகால வடிவை எடுங்கள், உம்லாவுட் போடுங்கள்.

ஹட்டெ → ஹெட்டெ
வார் → வேரெ
கொன்டெ → கென்டெ
டுர்ஃப்டெ → ட்யுர்ஃப்டெ
முஸ்டெ → ம்யுஸ்டெ
வுர்டெ → வ்யுர்டெ

'வொல்டெ', 'ஸொல்டெ' இரண்டுக்கும் உம்லாவுட் கிடையாது. முதல் நாளிலிருந்து எல்லோரும் சொல்லும் 'மெஷ்டெ'யும் இந்தக் குடும்பம்தான். 'மேகன்' என்ற வினையின் கொன்யுங்க்டீஃப் அது.

மற்ற வினைகளுக்கெல்லாம் 'வ்யுர்டெ' போட்டு, வினையின் மூல வடிவை வாக்கியக் கடைசியில் வைத்தால் போதும். 'வ்யுர்டன் ஸீ கெனன்' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம். ஹாபன் (உடைமை), ஸைன் (இருத்தல்), துணைவினைகள் ஆகியவற்றுக்குச் சொந்த வடிவம் இருக்கிறது. 'கென்டன் ஸீ' போதும்.

---

மழைக்காகம்

ஓக்மரம் அண்ணா சொன்னதோடு 'வில்' பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் அதே எழுத்துக்கூட்டு எதிர்காலம். ஜெர்மனில் 'இஷ் வில்' என்றால் 'எனக்கு வேணும்' என்று அடம்பிடிக்கிற தொனி. முதல் வரியிலேயே அது வந்தால் அடுத்த வரிகளும் அந்தத் தொனியிலேயே படிக்கப்படும்.

'ஸீ ம்யுஸ்ஸன்' அதைவிட மோசம், 'நீங்க கொடுத்தே ஆகணும்'. எதிர்மறையில் இன்னொரு குழி இருக்கு. 'ஸீ ம்யுஸ்ஸன் நிஷ்ட்' என்றால் 'செய்யக் கூடாது' இல்லை, 'செய்ய வேண்டிய அவசியம் இல்லை'. கூடாது என்பதற்கு 'ட்யுர்ஃபன் நிஷ்ட்'. தமிழ்ல 'வேண்டாம்', 'கூடாது' ரெண்டும் தனித்தனியா இருக்கு, அதே பிரிவுதான்னு நினைச்சுக்கிட்டா மறக்காது.

---

வேற்றுமை உருபு

'இஷ் ரூஃபெ ஈனன் ஆன்' என்ற வரியை யாரும் தொடவில்லை. தமிழர்கள் எளிதில் செய்கிற அழகான பிழை அது. 'உங்களுக்கு ஃபோன் செய்கிறேன்' என்று மனதில் ஓடுவதால் 'ஈனன்' வந்துவிட்டது. 'ஆன்ரூஃபன்' இரண்டாம் வேற்றுமை கேட்கும், உங்களை அழைப்பது: 'இஷ் ரூஃபெ ஸீ ஆன்'. சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியின் தென்மேற்கிலும் நான்காம் வேற்றுமையோடு பேசுவது காதில் விழும். அது வட்டார வழக்கு, மடலில் வேண்டாம்.

நமக்கு ஒரு பெரிய சாதகம் இருக்கிறது, அதை வகுப்புகளில் சொல்லித் தருவதே இல்லை. நம் 'கு' உருபும் ஜெர்மன் டாட்டீஃபும் (அவர்களுடைய 'கு' வேற்றுமை) பெரும்பாலும் கைகோத்துப் போகின்றன.

உங்களுக்கு உதவ: ஈனன் ஹெல்ஃபன்
உங்களுக்கு நன்றி: ஈனன் டாங்கன்
உங்களுக்குப் பதில்: ஈனன் ஆன்ட்வோர்டன்
உங்களுக்கு வாழ்த்து: ஈனன் க்ராட்டுலீரன்
எனக்குப் பிடிக்கிறது: எஸ் கெஃபெல்ட் மீர்
எனக்குக் குளிர்கிறது: மீர் இஸ்ட் கால்ட்

ஆங்கிலம் வழியாக வருகிறவர்கள் இந்தக் கடைசி இரண்டில் தடுமாறுவார்கள். தமிழ் வழியாக வந்தால் நேராகப் போகலாம்.

கைகோக்காத இடங்களை மட்டும் தனியாக மனப்பாடம் செய்யுங்கள். தமிழில் 'ஐ', ஜெர்மனில் டாட்டீஃப்: உங்களை நம்புகிறேன் (இஷ் ஃபெர்ட்ரவெ ஈனன்), உங்களைப் பின்தொடர்கிறேன் (இஷ் ஃபொல்கெ ஈனன்), உங்களை எதிர்ப்பட (ஈனன் பெகேக்னன்). தமிழில் 'கு', ஜெர்மனில் அக்குசாட்டீஃப் (அவர்களுடைய 'ஐ' வேற்றுமை): உங்களுக்குத் தொந்தரவு தர (ஸீ ஷ்டேரன்), உங்களுக்கு ஆதரவு தர (ஸீ உன்டர்ஷ்ட்யுட்ஸன்), பிறகு 'ஆன்ரூஃபன்'. 'எனக்குத் தேவை' என்பதில் எனக்கு எழுவாயாகிவிடும்: 'இஷ் ப்ரவுஹெ'. 'உங்களிடம் கேட்க' என்பதும் அங்கே அக்குசாட்டீஃப்தான்: 'ஸீ ஃப்ராகன்'.

பணிவு வாக்கியங்களில் இந்தப் பட்டியல் ஏன் முக்கியம் என்றால், நன்றி, உதவி, தொந்தரவு, கேள்வி ஆகிய நான்கும்தான் அவற்றில் திரும்பத் திரும்ப வரும்.

---

பொருநை

வேற்றுமை உருபு சொன்ன வழியிலேயே இன்னொன்று. துணைவாக்கியத்தில் வினை கடைசிக்குப் போவதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். நமக்கு அதுதான் சொந்த வீடு.

"ஒப் ஸீ மீர் ஹெல்ஃபன் கெனன்."
"நீங்கள் எனக்கு உதவ முடியுமா என்று."

ஸீ = நீங்கள், மீர் = எனக்கு, ஹெல்ஃபன் = உதவ, கெனன் = முடி. 'ஒப்' மட்டும் முன்னால் நிற்கிறது, நம் '-ஆ என்று' பின்னால் நிற்கிறது. நடுவில் உள்ள சொற்கள் அதே வரிசை. தமிழில் யோசித்து அப்படியே எழுதுங்கள்.

பணிவுக்கு இது எதற்கு என்றால், நேர்க்கேள்வியை இன்னொரு கேள்விக்குள் உட்கார வைப்பது ஜெர்மனில் மென்மைப்படுத்தும் முக்கிய வழி. 'வோ இஸ்ட் டெர் பான்ஹோஃப்?' (ரயில் நிலையம் எங்கே?) என்பதை 'கென்டன் ஸீ மீர் பிட்டெ ஸாகன், வோ டெர் பான்ஹோஃப் இஸ்ட்?' என்று கேட்கிறோம். பெரும்பாலானவர்கள் இரண்டாம் பாதியில் பழைய வரிசையையே வைத்து 'வோ இஸ்ட் டெர் பான்ஹோஃப்' என்று முடிப்பார்கள். தாய்மொழியாளர் காதில் முதலில் உறுத்துவது அதுதான்.

'பிட்டெ' உட்காரும் இடத்தையும் கவனியுங்கள்: வினை, எழுவாய், சிறிய சுட்டுப்பெயர்கள், அதன் பிறகு பிட்டெ. 'கென்டன் ஸீ மீர் பிட்டெ…'. தொடக்கத்தில் 'பிட்டெ' வந்தால் அறிவிப்புப் பலகை வாசகம் போல ஆகிவிடும்.

இன்னொரு வழி, இறந்தகாலத்தைப் பணிவுக்குப் பயன்படுத்துவது: 'இஷ் வொல்டெ ஃப்ராகன், ஒப் ஸீ மோர்கன் ட்ஸைட் ஹாபன்.' 'நாளைக்கு நேரம் இருக்குமா என்று கேட்கலாம்னு நினைச்சேன்' என்று நாமும் சொல்கிறோமே, அதே உத்தி.

---

செம்பருத்தி

எல்லாம் சரிதான், ஆனால் கொன்யுங்க்டீஃப் மழை பொழிய வேண்டாம் என்றும் யாராவது சொல்ல வேண்டும். ரொட்டிக் கடையில் பின்னால் வரிசை நிற்கும்போது 'ட்யுர்ஃப்டெ இஷ் ஃபிலைஷ்ட் பிட்டெ…' (நான் ஒருவேளை தயவுசெய்து…) என்று ஆரம்பித்தால் கடைக்காரர் குழம்புவார். 'குட்டன் டாக், ட்ஸ்வை ப்ரேட்ஷன், பிட்டெ' (வணக்கம், இரண்டு சின்ன ரொட்டி, தயவுசெய்து) முழுமையான பணிவு. 'இஷ் ஹெட்டெ கெர்ன் ட்ஸ்வை ப்ரேட்ஷன்' அதைவிட ஒரு படி மேலே. அதற்கு மேல் தேவையில்லை. அங்கே வணக்கம் சொல்லாமல் நேராகப் பொருளைக் கேட்பதுதான் மரியாதைக் குறைவு.

முடிக்கும்போது 'டாஸ் வேர்ஸ்' என்றால் 'அவ்வளவுதான்'. கொன்யுங்க்டீஃப் அங்கேயும் இருக்கிறது பாருங்கள், ஆனால் யாரும் அதை இலக்கணமாக உணர்வதில்லை.

இன்னும் ஒன்று: யாராவது 'காபி வேண்டுமா' என்று கேட்கும்போது வெறும் 'டாங்கெ' என்றால் பெரும்பாலும் 'வேண்டாம்' என்று எடுத்துக்கொள்வார்கள். வேண்டும் என்றால் 'யா, கெர்ன்'.

---

ஓக்மரம்

செம்பருத்தி சொல்வது முழுக்கச் சரி. கூடுதல் பணிவு சில இடங்களில் தலைகீழாகவும் திரும்பும். 'எஸ் வேரெ ஷேன், வென் ஸீ ப்யுங்க்ட்லிஷ் வேரன்' என்பது இலக்கணப்படி மிக மென்மை. பொருளில் 'நேரத்துக்கு வந்தால் நன்றாக இருக்கும்' என்ற குத்தல். தமிழில் அதைச் சொன்னாலும் குத்தல்தானே. 'வ்யுர்டன் ஸீ பிட்டெ டீ ட்யூர் ஷ்லீஸன்' (கதவைச் சாத்துகிறீர்களா) என்பதும் குரல் இறங்கி முடிந்தால் கண்டிப்பாகிவிடும், ஏறி முடிந்தால்தான் வேண்டுகோள்.

---

நெய்தல்

'மால்', 'டொஹ்', 'டென்' என்று நடுநடுவே போடுகிறார்களே, அவையும் பணிவுதானா? எப்போது போடலாம்? டூ, ஸீ இரண்டுக்கும் நம் நீ, நீங்கள் அளவே போதுமா?

---

மழைக்காகம்

இரண்டாவது கேள்வியை முதல்ல எடுத்துக்கிறேன். போதாது. நம்ம 'நீங்கள்' மரியாதை ஒருமைக்கும் பன்மைக்கும் சேர்த்து. அங்கே அப்படியில்லை. நண்பர்கள் நாலு பேரை ஒண்ணா அழைக்கும்போது 'ஈர்'. மரியாதைக்கு ஒருத்தர்னாலும் பத்துப் பேர்னாலும் 'ஸீ'. நண்பர் கூட்டத்தைப் பார்த்து 'ஸீ' போட்டா விலகி நிற்கிற மாதிரி ஆயிடும்.

அடுத்தது வயசு. நாம வயசையும் உறவையும் பார்த்து நீ, நீங்க முடிவு பண்றோம். அங்கே அறிமுகம்தான் அளவுகோல். கடையில நிக்கிற இருபது வயசுப் பையன் நமக்குத் தம்பி மாதிரி இருந்தாலும் 'ஸீ'தான். சின்னக் குழந்தைகளுக்கு 'டூ'. மாணவர்கள் தங்களுக்குள்ள 'டூ'.

'ஸீ'யிலிருந்து 'டூ'வுக்கு மாறுறதை மூத்தவரோ பதவியில மேல இருக்கிறவரோதான் ஆரம்பிக்கணும்: 'வொல்லன் வீர் உன்ஸ் டூட்ஸன்?' (நாம 'டூ' போட்டுப் பேசிக்கலாமா?) ஏத்துக்கிட்டா திரும்பிப் போறது கஷ்டம். மடல்ல அவர் வெறும் முதல் பெயரோட கையெழுத்துப் போட ஆரம்பிச்சா அது ஒரு சைகை. முதல் பெயரும் 'ஸீ'யும் சேர்ந்து வர்ற வழக்கத்துக்கு ஹாம்புர்க் ஸீ என்று பெயர். குடும்பப்பெயரும் 'டூ'வும் சேர்றதுக்கு ம்யுன்ஷன் டூ. கேட்டா புரிஞ்சுக்க வேணும், நாமளா தொடங்க வேணாம்.

பழைய பாடப்புத்தகத்துல பணிப்பெண்ணை 'ஃப்ரொய்லைன்' என்று கூப்பிடுற உரையாடல் இருந்தா அதை அடிச்சிடுங்க. மேற்கு ஜெர்மனி 1972-லேயே அரசு வழக்கிலிருந்து அந்தச் சொல்லை எடுத்தாச்சு. கல்யாணம் ஆனவங்க, ஆகாதவங்க எல்லாருக்கும் 'ஃப்ரவ்'.

---

பொருநை

இடைச்சொற்கள் பற்றி. நம் 'தான்', 'கொஞ்சம்', 'சும்மா', 'ஏன்' மாதிரி அவற்றுக்கு அகராதிப் பொருள் தேடினால் கிடைக்காது, தொனிதான்.

'மால்' நம் 'கொஞ்சம்'. 'கன்ஸ்ட் டூ மால் கொம்மன்?' என்றால் 'கொஞ்சம் வர்றியா?'. வேலையைச் சின்னதாகக் காட்டும். 'டொஹ்' அழைப்பில் வரும்போது உபசரிப்பு: 'கொம்மன் ஸீ டொஹ் ஹெரைன்', 'வாங்க வாங்க, உள்ளே வாங்க'. 'டென்' கேள்வியில் அக்கறை காட்டும்: 'வீ ஹைஸ்ட் டூ டென்?', 'உன் பேரு என்னம்மா?'. ஆனால் 'வாஸ் வொல்லன் ஸீ டென்?' என்று எரிச்சலோடு சொன்னால் 'இப்ப என்னதான் வேணும்?'. ஒரே சொல்தான், குரல் மாறினால் சண்டை. ஆகவே பி1 வரை 'மால்' மட்டும் தெரிந்தவர்களோடு பேச்சில் பயன்படுத்துங்கள். அலுவல் மடலில் எதுவும் வேண்டாம்.

---

வேற்றுமை உருபு

தாய்மொழியாளரிடம் எப்படிக் கேட்பது என்பதற்கு இன்னும் யாரும் வரவில்லை. இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

'இது சரியா?' என்று கேட்டால் 'புரிகிறது' என்ற பதில்தான் வரும். அதற்கு அர்த்தம் 'பிழை இருக்கிறது, ஆனால் தெரிந்துகொண்டேன்'. 'டாஸ் கன் மன் ஸோ ஸாகன்' என்று இழுத்தால் 'அப்படியும் சொல்லலாம்தான், நாங்கள் சொல்ல மாட்டோம்' என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

'ஏன்?' என்றும் கேட்காதீர்கள். 'ஆல்' எங்கே, 'ஓடு' எங்கே என்று நம்மிடம் வந்து விதி கேட்டால் நாமும் விழிப்போம். அவர்களிடம் இருப்பது காது. அந்தக் காதுக்கு வேலை கொடுக்கும்படி கேள்வியை அமையுங்கள்.

ஒன்று, யாருக்கு எழுதுகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். வீட்டு உரிமையாளரா, பேராசிரியரா, அண்டை வீட்டாரா என்று தெரியாமல் யாராலும் தொனியைத் திருத்த முடியாது. இரண்டு, ஐந்தாறு வாக்கியத்துக்கு மேல் அனுப்பாதீர்கள். நீண்டால் பெரிய பிழைகளை மட்டும் தொட்டுவிட்டு விட்டுவிடுவார்கள். மூன்று, இரண்டு வடிவங்களைக் கொடுத்து எதை அவர் எழுதுவார் என்று கேளுங்கள்: 'வெல்ஷன் ஸட்ஸ் வ்யுர்டன் ஸீ ஷ்ரைபன்?' கூடவே 'க்லிங்ட் டாஸ் ட்ஸூ டிரெக்ட்?', ரொம்ப நேரடியாகக் கேட்கிறதா என்றும் கேட்கலாம். பிழையையும் 'இலக்கணம் சரி, யாரும் சொல்ல மாட்டார்கள்' என்பதையும் இரண்டு நிறத்தில் குறிக்கச் சொன்னால் இன்னும் நல்லது.

விதி வேண்டுமென்றால் டூடன் நூல்கள் (ஜெர்மன் அகராதி, இலக்கணம்), அல்லது மன்ஹைமில் உள்ள ஜெர்மன் மொழி நிறுவனத்தின் இணைய இலக்கணம் கிராமிஸ். காதுக்கு மனிதர், காரணத்துக்கு நூல்.

இரண்டு தாய்மொழியாளர்கள் முரண்பட்டாலும் குழம்ப வேண்டாம். 'உட்கார்ந்திருந்தேன்' என்பதற்குத் தெற்கே 'இஷ் பின் கெஸெஸ்ஸன்', வடக்கே 'இஷ் ஹாபெ கெஸெஸ்ஸன்', இரண்டும் அந்தந்த ஊரில் சரி. 'இன்னதன் காரணமாக' என்பதற்கு 'வேகன் டெம்' பேச்சில் சாதாரணம், அலுவல் மடலில் 'வேகன் டெஸ்' எழுதுங்கள். நேரம் சொல்வதிலும் இந்த வேறுபாடு உண்டு, நெய்தல் வீடு பார்க்கப் போவதால் சொல்கிறேன்: 'ஹால்ப் ட்ஸ்வெல்ஃப்' என்றால் பதினொன்றரை, பன்னிரண்டரை இல்லை. கிழக்கிலும் தெற்கிலும் பல இடங்களில் 'ஃபியர்ட்டல் ட்ஸ்வெல்ஃப்' என்றால் பதினொன்றேகால். சந்தேகமிருந்தால் எண்ணில் எழுதிக் கேளுங்கள்.

---

செம்பருத்தி

தேர்வு எழுதுகிறவர்களுக்கு: கோத்தே நிறுவனம் நடத்தும் பி1 எழுத்துத் தேர்வு 60 நிமிடம், மூன்று பகுதி. மூன்றாவது பகுதி சுமார் 40 சொற்களில் ஒரு மரியாதை மடல், உதாரணமாக வர முடியாததற்கு மன்னிப்புக் கேட்பது. இந்த இழையில் பேசியதெல்லாம் அந்த 40 சொல்லில் வந்துவிடும். முதல் பகுதி நண்பருக்கு, அதாவது 'டூ'. ஒரே தாளில் இரண்டும் வருவதால் வேகத்தில் 'ஸீ', 'டைன்' என்று கலந்து எழுதுவது அடிக்கடி நடக்கும். எழுதி முடித்ததும் சுட்டுப்பெயர்களை மட்டும் தனியாக ஒரு முறை பாருங்கள்.

---

நெய்தல்

எல்லோருக்கும் மிக்க நன்றி. திருத்தி எழுதியிருக்கிறேன்:

"ஸேர் கெஏர்ட்டர் ஹெர் ம்யுல்லர்,
இஷ் இன்டெரெஸீரெ மிஷ் ஃப்யூர் ஈரெ வோனுங் உன்ட் வ்யுர்டெ ஸீ மீர் கெர்ன் ஆன்ஸேயன். வேரெ ஐனெ பெஸிஷ்டிகுங் ஆம் டொன்னர்ஸ்டாக் ஓடர் ஃப்ரைடாக் நாஹ் 17 ஊர் மேக்லிஷ்? ஃப்யூர் ஐனெ குர்ட்ஸெ ர்யுக்மெல்டுங் பிஸ் மிட்வொஹ் வேரெ இஷ் ஈனன் டாங்க்பார்.
மிட் ஃப்ரொய்ன்ட்லிஷன் க்ர்யூஸன்,"

(பொருள்: 'மதிப்பிற்குரிய திரு. ம்யுல்லர், உங்கள் வீட்டில் எனக்கு ஆர்வம் உண்டு, அதைப் பார்க்க விரும்புகிறேன். வியாழன் அல்லது வெள்ளி 17 மணிக்குப் பிறகு பார்வையிட முடியுமா? புதன் வரைக்குள் சுருக்கமாகப் பதில் தந்தால் நன்றியுடையவன் ஆவேன். அன்பான வணக்கங்களுடன்')

ரோமன் எழுத்தில் எழுதும்போது 'ஸீ', 'ஈரெ', 'ஈனன்' மூன்றுக்கும் முதல் எழுத்தைப் பெரியதாகப் போட்டிருக்கிறேன். முதல் வாக்கியத்தின் 'இஷ்'ஷுக்கும் பெரிய எழுத்து.

---

ஓக்மரம்

அருமையாக வந்திருக்கிறது. 'சீக்கிரம்' என்பதை எடுத்துவிட்டுக் கிழமை சொன்னது மிக நல்ல மாற்றம். அவசரப்படுத்தாமல் கெடு சொல்லியாயிற்று. அனுப்புவதற்கு முன் மூன்று இடம்.

விளித்தலுக்குப் பின் காற்புள்ளி போட்டதால் அடுத்த வரி அதே வாக்கியத்தின் தொடர்ச்சி. ஆகவே 'இஷ்' சின்ன எழுத்தில் தொடங்கட்டும்.

'க்ர்யூஸன்' பின்னால் ஜெர்மனில் காற்புள்ளி கிடையாது, எடுத்துவிடுங்கள். அந்த முடிவு வரியை மூன்றெழுத்தாகச் (MfG) சுருக்கவும் வேண்டாம், சோம்பலாகப் படும்.

'வ்யுர்டெ ஸீ மீர் கெர்ன் ஆன்ஸேயன்' என்ற இடத்தில் 'ஸீ' வீட்டைக் குறிக்கிறது. வோனுங் பெண்பால் என்பதால் அந்த 'ஸீ' சின்ன எழுத்து. பெரிய எழுத்தில் விட்டால் 'உங்களைப் பார்வையிட விரும்புகிறேன்' என்று ம்யுல்லருக்குப் போய்ச்சேரும்.